காற்றுத் திருகு

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பேன். குளிப்பேன். வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. தெருமுக்குக் கடையில் ஒரு டீ. பைக் சீட்டில் உப்புப் பிசுபிசுப்பு படிந்திருக்கும், துணியால் துடைப்பேன். முள்ளக்காடு தாண்டி உப்பளத்துக்குள் போகும் மண் பாதையில் திரும்புவேன். அங்கே ஒரு பழைய உப்புக் கிடங்கு, கிட்டங்கி என்போம், அதன் பூட்டைத் திறப்பேன். உள்ளே நிற்கும் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, டேங்கின் கீழ் இருக்கும் சின்ன வால்வை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடிப்பேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அடியில் தண்ணீர் நிற்கிறதா? இல்லை. குப்பியைக் கேனில் கவிழ்த்துவிட்டு, பூட்டிவிட்டு, துறைமுகத்துக்கு வேலைக்குப் போவேன்.

என் மனைவி ஜெனிஸ் இறந்த பிறகு எட்டு மாதம் இதுதான் என் காலை.

இனி எழுதப்போவது நடந்தது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு என் வேலை. ஒரு இயந்திரம் நின்றால் அதற்குக் காரணம் உண்டு என்று நம்பி, அந்த நம்பிக்கைக்குச் சம்பளம் வாங்குகிறவன். இதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. இருட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்பார்கள். இது முழுக்க வெயிலில் நடந்தது. தூத்துக்குடி வெயிலில்.

விமானம் ஜெனிஸுடையது. அவள் படித்தது விமானப் பொறியியல். படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை, கல்லூரியில் பாடம் எடுத்தாள். எங்களுக்குக் கல்யாணமான வருடமே இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை உதிரிகளாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். பெட்டி பெட்டியாக வந்தது. வைக்க இடம் தந்தவர் தாணுலிங்கம் அண்ணாச்சி, உப்பள முதலாளி. காலிக் கிட்டங்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதன் வாசலிலிருந்து உப்பு லாரி போகிற மண் ரோடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும்.

“ஏய்யா வளன், இது பறக்குமா?” என்று என்னைக் கேட்டார்.

“பறக்கும் அண்ணாச்சி.”

“பறக்காட்டியும் பரவால்ல. முன்னால உள்ள காத்தாடிய மட்டும் நம்ம பாத்தி பக்கம் திருப்பி வைங்க. உப்பாவது சீக்கிரம் காயட்டும்.”

ஜெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று வருடம் ஒவ்வொரு உதிரியாகப் பூட்டிச் சேர்த்தோம். இடையில் லீவு போட்டு வெளியூர் போய் இருவரும் விமானம் ஓட்டக் கற்றோம். இறக்கை மாட்டி முடித்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. மூன்றாவது நாள் ஐ.சி.யூ.வுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அவள் தம்பி கிங்ஸ்டன் உள்ளே போனான். நான் மருந்துச் சீட்டோடு கீழே இருந்தேன். மேலே ஏறி வந்தபோது முடிந்திருந்தது.

“எதாவது சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல மச்சான். தூங்கிட்டே இருந்தா.”

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. கிங்ஸ்டன்தான் தினமும் சாயங்காலம் கிட்டங்கிக்கு வந்தான். திரேஸ்புரத்தில் மீன்பிடி வள்ளங்களுக்கு மாட்டும் எஞ்சின் மெக்கானிக் அவன். அக்கா விட்ட வேலையை அவன் பாட்டுக்கு முடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் டேங்கைப் பார்த்தேன். சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் டேங்க். மூடி மாறியிருந்தது. கறுப்பு மூடி. அதன் தலையில் சின்னத் திருகு.

“இது என்னலே?”

“காத்துத் திருகு மச்சான். வள்ளத்து டேங்குக்கு உள்ளது. கரைக்கு வந்தா மூடணும். கடலுக்குப் போனா தெறக்கணும்.”

“இதுல வந்த காத்துக் குழாய் எங்க?”

“எப்பவும் தெறந்தே கெடக்கு அது. ராவெல்லாம் உப்புக் காத்து உள்ள போகுது. இப்ப வார பெட்ரோல்ல ஸ்பிரிட்டுல்லா கலக்கான். தண்ணியக் கண்டா குடிச்சிரும். அதான் எம்-சீல் வச்சு அடைச்சிட்டேன்.”

“உங்க அக்கா ஒத்துக்க மாட்டா.”

“அக்கா இருந்தா குறட்டாலயே என் மண்டையில போட்டிருப்பா.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாது. உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிற்கும். கடலில் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டுத் திருகைத் திறக்கலாம். வானத்தில் நங்கூரம் இல்லை. அதனால்தான் விமானத்தில் காற்றுக்குழாயை மூடுகிற வசதியே வைப்பதில்லை. மறந்தால் சாகிற மாதிரி ஒரு பொருள் விமானத்தில் இருக்கவே கூடாது என்பாள் ஜெனிஸ்.

தெரிந்துதான் இருந்தது. குழாயைச் சரிசெய்ய வேண்டுமானால் டேங்கையே இறக்க வேண்டும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அந்த ரோடு தண்ணீருக்குள் போய்விடும், பிறகு தை வரைக்கும் விமானத்தை ஓட்ட முடியாது. ‘கிளம்பும் முன் திறந்தால் போதும்’ என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் தூணில் கட்டி, முழு வேகம். திருகை நானே திறந்தேன். பதினோரு நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு இருமியது. நின்றது.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் பெட்ரோல் குழாயில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. கைக்கு அடக்கமாக, எலுமிச்சம்பழம் மாதிரி. முதலில் அதை அமுக்கித்தான் பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றுவோம். அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தது. உள்ளிருந்து யாரோ உறிஞ்சியது போல.

திருகைப் பார்த்தேன். மூடியிருந்தது.

“ஏலே, மூடுனியா?”

“நான் எதுக்கு மூடுதேன்?”

“நீதான் கடைசியா பின்னால போன.”

கிங்ஸ்டன் தன் கையையே பார்த்தான். “பழக்கம் மச்சான்… வள்ளத்த விட்டு எறங்குனா கை தன்னால அதை மூடிரும். சத்தியமா ஞாபகம் இல்ல.”

நம்பினேன். கைப்பழக்கம். கடற்கரைக்காரன் யாரும் செய்கிற தப்புதான்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். கிங்ஸ்டன் காயல்பட்டினத்தில் ஒரு வள்ளத்துக்கு எஞ்சின் ஏற்றப் போயிருந்தான். உச்சி வெயில். உப்பளத்தில் ஆள் இல்லை. வெள்ளை வெளேரென்று பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. கிட்டங்கிக்குள் தகரக் கூரை படபடவென்று சூட்டில் வெடித்துக்கொண்டிருந்தது.

திருகைத் திறந்தேன். மூன்று சுற்று. எஞ்சினை ஓட்டினேன். இந்த முறை நான் சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

பதினோரு நிமிடம்.

இருமல். நின்றது.

திரும்பிப் பார்த்தேன். திருகு மூடியிருந்தது.

என் தலைக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில்… மூடியிருந்தது.

கை நீட்டித் திறந்தேன். ஸ்ஸ்ஸ்… என்று காற்று உள்ளே போனது. நீளமாகப் போனது. கூடவே ஒரு வாசம். ஸ்பிரிட் வாசம். ஊசி போடும் முன் பஞ்சில் தடவுவார்களே, அது. பெட்ரோலில் கலக்கிறார்கள், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

எஞ்சின் நின்றிருந்தது. சாவி என் கையில் இருந்தது.

ரப்பர் குமிழ் மெதுவாக உப்பியது. சரி. காற்று போனது, பெட்ரோல் வந்தது, உப்பும்.

பிறகு சுருங்கியது.

எஞ்சின் ஓடாமல் அது சுருங்காது. உறிஞ்ச ஆள் இல்லை.

உப்பியது.

சுருங்கியது.

என் மூச்சின் வேகத்திலேயே அது நடந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது அடக்கவில்லை.

கிரீச்… என்று பின்னால் ஒரு சத்தம். பிளாஸ்டிக் மரையில் மணல் இருந்தால் வரும் சத்தம். கிரீச்… இரண்டாவது சுற்று. கிரீச்…

மூன்று.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி வெயிலுக்கு வந்தேன். வரப்பில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது சட்டை முழுக்க உப்புப் பூத்திருந்தது.

கிங்ஸ்டன் வீட்டுக்குப் போய் அவனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிலுவை போட்டுக்கொண்டான். என் மாமியார் பிலோமினா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“எம் பிள்ளதான்,” என்றார். “அவதான் வந்து சொல்லுதா. இந்தத் திருகு ஆகாதுன்னு சொல்லுதா.”

“ஆமா மச்சான்,” என்றான் கிங்ஸ்டன். “நான் செஞ்சது தப்புன்னு காட்டுதா. நீங்க மேல போயி நின்னுரக் கூடாதுன்னு தரையிலேயே நிப்பாட்டிக் காட்டுதா.”

“அவ படிச்ச படிப்பு அப்படி,” என்றார் அத்தை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார். அழுதார். சந்தோஷமாக அழுதார்.

எட்டு மாதத்தில் முதல் முறையாக எனக்கும் ஏதோ இளகியது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சாகக் கூடாது என்று நினைக்கிறாள்.

அவள் சொன்னதைச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். திருகின் தலையில் ஊசித் துளை போட்டேன். முழுக்கத் திறந்து வைத்து, லாக் வயர் கட்டினேன். விமானத்தில் கழன்றுவிடக் கூடாத போல்ட்டுகளை மெல்லிய எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள், அதுதான். கம்பியை வெட்டாமல் அந்தத் திருகை இனி யாராலும் அசைக்க முடியாது. குறட்டால் முறுக்கி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். கிங்ஸ்டனும் இழுத்துப் பார்த்தான்.

“மாதாவே வந்தாலும் மூட முடியாது மச்சான்.”

“வாயக் கழுவு.”

மறுபடி எஞ்சினை ஓட்டினோம். நாற்பது நிமிடம். இருமல் இல்லை. குமிழ் கெட்டியாக நின்றது. நாங்களாக நிறுத்தினோம். கிங்ஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

அனுமதி, தாள், கையெழுத்து பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. மழைக்கு முந்தின வாரம் ஒரு காலை, வெயில் ஏறிய பிறகு, விமானத்தை ரோட்டுக்குத் தள்ளினோம்.

“நானும் வாரேன்,” என்றான் கிங்ஸ்டன்.

“வேண்டாம். நின்னுட்டா ஒருத்தன் போதும்.”

“அப்ப அந்தப் பக்கம் காலியா போனா தூக்கலா இருக்குமே.”

அண்ணாச்சி ஒரு உப்பு மூட்டை தந்தார். ஐம்பது கிலோ. வலது சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு இறுக்கினோம். ஜெனிஸின் எடையும் ஏறத்தாழ அதுதான். யாரும் அதைச் சொல்லவில்லை.

“ஏய்யா, மூட்டை பத்திரம்,” என்றார் அண்ணாச்சி. “நீ எப்படி வந்தாலும் சரி, எனக்கு மூட்டை சேதமில்லாம வரணும்.” சிரித்தார். ஆனால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கடைசியாகத் திருகைப் பார்த்தேன். திறந்திருந்தது. கம்பி இறுக்கமாக இருந்தது. கிங்ஸ்டனும் பார்த்தான்.

கிளம்பினேன்.

எழும்பியது. அவ்வளவு லேசாக எழும்பியது. கீழே பாத்திகள் கண்ணாடித் துண்டுகள் போலக் கிடந்தன. இடது பக்கம் கடல். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். பெரிய வட்டமாக ஒரு சுற்று சுற்றி இறங்குவது என் திட்டம். எனக்குப் பயம் இல்லை. எட்டு மாதமாக எதுவுமே இல்லை, பயம் மட்டும் எப்படி வரும்?

இரண்டாவது திருப்பத்தில், வலது பக்கம் சாய்ந்து திரும்பும்போது, என் வலது தோளில் ஏதோ பட்டது.

மூட்டை.

என் தோளில் சாய்ந்திருந்தது.

விமானம் வலது பக்கம் சரிந்திருக்கிறது. மூட்டை சாய்ந்தால் அந்தப் பக்கம்தான் விழ வேண்டும். இது மேட்டை நோக்கி… என்னை நோக்கிச் சாய்ந்திருந்தது.

முழங்கையால் தள்ளினேன். நகரவில்லை.

மெத்தென்று இருந்தது. உப்பு மூட்டை மெத்தென்று இருக்காது.

கீழே பார்த்தேன். ரப்பர் குமிழ்.

சப்பையாகிக்கொண்டிருந்தது.

இல்லை. கம்பி கட்டியிருக்கிறது. நானே கட்டினேன்.

அமுக்கினேன். ஒட்டியது. திரும்ப உப்பவில்லை.

எஞ்சின் ஒரு முறை இருமியது.

இடது கையால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தோளுக்கு மேல் பின்னால் விட்டேன். துழாவினேன். மூடி. திருகு.

மூடியிருந்தது.

திருப்பினேன். அசையவில்லை. கம்பி விரலை அறுத்தது. இன்னும் பலமாகத் திருப்பினேன்.

அது எதிர்ப்பக்கம் இறுகியது.

என் விரல்களுக்கு அடியில்… மெதுவாக… இறுகியது.

ஹெட்போனில் எஞ்சின் சத்தம் இல்லை. நின்றிருந்தது. காற்றின் சத்தம் மட்டும். அதற்குள் இன்னொரு சத்தம்.

மூச்சு.

நிதானமான மூச்சு. அசந்து தூங்குகிறவர்கள் விடும் மூச்சு.

என் தோளில்.

அப்போதுதான் பயம் வந்தது. எட்டு மாதப் பயமும் ஒன்றாக வந்தது. சாக வேண்டாம் என்று கத்தினேன். சத்தமாகக் கத்தினேன். மூக்கைக் கீழே தள்ளினேன். ரோடு எட்டாது. முன்னால் பெரிய பாத்தி ஒன்று, முழங்கால் அளவு தண்ணீர். அதில் இறக்கினேன்.

விமானம் தலைகுப்புற நின்றது. வாய் முழுக்க உப்புத் தண்ணீர். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முதலில் வந்து என் பெல்ட்டை அறுத்தவர் முருகேஸ்வரி என்ற அக்கா.

“உசுரு இருக்கு, உசுரு இருக்கு!” என்று கத்தினார். பிறகு வலது பக்கம் எட்டிப் பார்த்து, “மூட்டை நிமிந்து உக்காந்திருக்கு பாரேன்,” என்றார்.

பெல்ட் போட்டு, நேராக, நாங்கள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தது.

விலா எலும்பு ஒன்று முறிந்தது. விரலில் நாலு தையல். மூன்றாம் நாள் கிட்டங்கிக்குப் போனேன். இழுத்து வந்து போட்டிருந்தார்கள். கிங்ஸ்டன் எனக்கு முன்னால் வந்து, டேங்கைக் கழற்றிக் கீழே வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“பாருங்க,” என்றான்.

திருகு முழுக்க மூடியிருந்தது. கம்பி இருந்தது. அறுந்திருக்கவில்லை. மூடிய நிலையில், ஒழுங்காக, இழுத்து முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. செல்போனில் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நான் முறுக்கிய கம்பியின் புரி ஒரு பக்கம் ஓடியது. இதன் புரி மறுபக்கம் ஓடியது. இடது கைக்காரர்கள் குறடு பிடித்தால் அப்படித்தான் வரும்.

விமானத்தின் மற்ற லாக் வயர்களைப் பார்த்தேன். எஞ்சின் பக்கம், சக்கரத்தின் பக்கம். எல்லாம் ஜெனிஸ் கட்டியவை. எல்லாப் புரியும் அதே பக்கம்.

அவள் இடது கைக்காரி.

“எச்சரிக்கைன்னா நீங்க தெறந்து கட்டுன பிறகு விட்டிருக்கணும்லா மச்சான்,” என்றான் கிங்ஸ்டன். “தெறந்ததப் போயி எதுக்கு மூடணும்?”

நான் படத்தையும் கம்பியையும் மறுபடி பார்த்தேன்.

“உங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டேன்.”

“என்னது?”

“ஆஸ்பத்திரியில… அக்கா ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேம்லா.”

“ஆமா.”

“சொன்னா.”

கூரைத் தகரம் ஒரு முறை வெடித்தது. இருவரும் திடுக்கிட்டோம்.

“காய்ச்சல்ல பினாத்துதான்னு நெனச்சேன். புது பஸ் ஸ்டாண்டுல நிக்கிற நெனப்புல பேசுனா. உங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டியன்னு விட்டுட்டேன். என் கையப் பிடிச்சுக்கிட்டா. சிரிச்சா மச்சான். நல்லா சிரிச்சா. சிரிச்சிட்டுத்தான் சொன்னா…

“‘வளன வரச் சொல்லுலே. நான் முன்னால ஏறி எடம் போட்டு வைக்கேன்.’”